மிச்சம் நிற்பவர்களும் குழுதான்

நடுவர் அவர்களே, எதிரணியில் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா, தம்பிமார்களே, தடைக்காலம் என்பதால் விசைப்படகைக் கரையில் நிறுத்திவிட்டு இந்த நேரத்திலும் கலையாமல் இருக்கும் தங்கச்சிமடத்துச் சொந்தங்களே, வணக்கம்.

"முக்கியமான ஆளை இழந்த ராக் இசைக்குழு தொடர வேண்டுமா, கலைந்துவிட வேண்டுமா?" இந்தத் தலைப்பைப் போட்டது ஊர் இளைஞர்கள். முன்வரிசைப் பெரியவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் கிதார், டிரம்ஸ் என்று சேர்ந்து, பாட்டையும் தாங்களே எழுதி, மெட்டையும் தாங்களே போட்டு, மேடையேறி வாசிக்கிற கூட்டம்தான் ராக் பேண்டு. சினிமாவில் இருப்பது போல இசையமைப்பாளர் தனி, பாடகர் தனி கிடையாது. அதனால்தான் ஒருவர் போனால் இவ்வளவு பஞ்சாயத்து.

தொடர வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஏனென்றால் மிச்சம் நிற்கிற மூன்று பேரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல, அவர்களும் அந்தக் குழுதான்.

அக்கா லெட் செப்பலின் என்ற ராக் குழுவைப் புகழ்ந்து தள்ளினார்கள். 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்தார், டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள், அதுதான் மரியாதை என்றார்கள். சரி, அது அவர்கள் முடிவு, நானும் மதிக்கிறேன். ஆனால் அக்கா கதையை அங்கேயே நிறுத்திவிட்டார்களே! 2007 டிசம்பரில் லண்டனில் அதே லெட் செப்பலின் முழுக் கச்சேரி செய்தது. டிரம்ஸில் உட்கார்ந்தது யார்? பான்ஹமின் மகன் ஜேசன். கலைந்துபோனதற்கு எதிரணி காட்டிய சாட்சியே 27 வருஷம் கழித்து நம் பக்கம் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறது, நடுவர் அவர்களே.

அடுத்து ஏசி/டிசி என்ற குழு. அதன் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். வயது 33. ஜூலையில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் பிளாக்' வெளிவந்துவிட்டது. "ஆண்டு நினைவுகூட வரவில்லை, அதற்குள் ஆள் எடுத்துவிட்டார்களே, இது பாசமா?" என்று எதிரணித் தம்பி கண் கலங்கக் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். தம்பி, அந்த ஆல்பத்தின் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? முழுக் கறுப்பு. படம் கிடையாது, ஆள் கிடையாது. துக்கத்துக்காகவே அப்படிப் போட்டார்கள். போட்டுக் கேளுங்கள், முதலில் கிதார் வராது, பாட்டு வராது. மணிதான் வரும். நிதானமாக, ஒவ்வொரு அடியாக. அதற்கென்று இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில் ஏறக்குறைய ஒரு டன்னில் வெண்கல மணியே வார்த்தார்கள். நம் ஊரில் கோயில் மணி அந்த வேகத்தில் அடித்தால் யார் வீட்டில் என்று எல்லாரும் வாசலுக்கு வந்துவிட மாட்டோமா? இறந்தவனுக்கு மணி அடித்துவிட்டுத்தான் புதியவனைப் பாட விட்டிருக்கிறார்கள்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று அவர்களும் யோசித்தவர்கள்தான். நிறுத்தாதீர்கள் என்று சொன்னது ஸ்காட்டின் பெற்றவர்கள். பெற்றவர்களே சரி என்ற பிறகு உங்களுக்கும் எனக்கும் என்ன வழக்கு? வந்த ஜான்சன் யார் என்றால், பழைய குழு ஒன்று ஓய்ந்துபோய், நியூகாசிலில் கார் கூரைக்கு வினைல் ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த மனுஷன். அவர் பாடிய அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் போனது. விற்பனையை வைத்து நான் வாதாடவில்லை. விற்காத ஆல்பமும் உண்டு, அதையும் நானே சொல்கிறேன். பாடகர் ஜிம் மாரிசன் 1971-ல் இறந்த பிறகு அவருடைய டோர்ஸ் குழு இரண்டு ஆல்பம் போட்டது, எடுபடவில்லை, 1973-ல் கலைந்தது. அதனால் என்ன? முயற்சி செய்ததில் மாரிசனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லையே.

"தொடருங்கள், ஆனால் பேரை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரு சமரசம் வந்தது. ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதம் போனதும் மற்றவர்கள் நியூ ஆர்டர் என்று பேர் மாற்றிக்கொண்டார்களாம். உண்மைதான். ஒருவர் போனால் பேரை விட்டுவிடுவோம் என்று முன்பே பேசி வைத்திருந்தவர்கள். ஆனால் அவர்கள் வாத்தியத்தை மூட்டை கட்டவில்லையே! கிதார் வாசித்தவர் பாட ஆரம்பித்தார். 1983-ல் 'ப்ளூ மண்டே' என்ற பாட்டு வந்தது. இதை எதிரணி ஏன் எடுத்தார்கள் என்றே எனக்குப் புரியவில்லை, என் செலவில்லாமல் எனக்கு சாட்சி.

பேர் விஷயத்துக்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது போனதுதான், அதை யாராவது திரும்பக் கட்டினார்களா என்று ஒருவர் கேட்டார். அந்த ராத்திரியில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம், அதனால் அளந்து பேசுகிறேன். அதே புயலில்தான் பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்கள். கடலுக்குள் கிடந்த கர்டர்களையே மீட்டெடுத்து மறுபடி ஏற்றினார்கள். இப்போது 2025-ல் பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்குகிற புதுப் பாலம் வந்துவிட்டது. தூண் புதிது, தூக்கும் முறை புதிது. மண்டபத்தில் ரயில் ஏறுகிற ஆள் என்ன சொல்கிறார்? பாம்பன் பாலம் என்றுதான் சொல்கிறார்.

பேரை நாணயமாக வைத்துக்கொள்ள வழியும் உண்டு. குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, நம் பஞ்ச்கனியில் படித்த பார்சி வீட்டுப் பையன், 1991-ல் மறைந்தார். இன்று அதே குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வேறு பாடகரோடு மேடையேறும்போது 'குயின் + ஆடம் லாம்பர்ட்' என்றே விளம்பரம். ஒளிவுமறைவு இல்லை. ஒரு பாட்டை மே தனியாகக் கிதாரோடு பாடுவார், கடைசியில் திரையில் ஃப்ரெடி வந்து மீதியைப் பாடுவார். லாம்பர்ட் அப்போது அந்தப் பக்கமே வர மாட்டார். லிங்கின் பார்க் குழுவும் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் போய் ஏழு வருஷம் கழித்து, 2024-ல் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெண்ணைக் கொண்டுவந்தது. செஸ்டர் குரலுக்கு நகல் எடுக்கிற எண்ணம் இருந்தால் இப்படியா தேர்ந்தெடுப்பார்கள்?

பிங்க் ஃபிளாய்டு குழுவையும் சொல்லியாக வேண்டும். குழுவுக்குப் பேர் வைத்து, ஆரம்பப் பாட்டெல்லாம் எழுதிய சிட் பாரெட் மனநிலை குலைந்து 1968-ல் விலக நேர்ந்தது. மற்றவர்கள் டேவிட் கில்மரோடு தொடர்ந்தார்கள். 1975 ஜூனில் லண்டன் ஸ்டுடியோவில் பாரெட்டை நினைத்தே எழுதிய பாட்டுக்கு வேலை நடக்கிறது. தலையும் புருவமும் மழித்த, உடம்பு பெருத்த ஒருவர் உள்ளே நிற்கிறார். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாரெட்தான். தெரிந்ததும் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். 1968-லேயே கலைந்திருந்தால் பாரெட்டுக்காக அந்தப் பாட்டை எழுத யார் இருந்திருப்பார்கள்?

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. ஏசி/டிசியைத் தொடங்கியவர்களில் ஒருவர் மால்கம் யங். 2014-ல் மறதி நோயால் விலகினார், 2017-ல் இறந்தார். அவர் இடத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி வாசிக்கிறார். பான் ஸ்காட்டுக்காகக் கலையச் சொன்ன நீங்கள், தொடங்கியவரே போனபோது வாயே திறக்கவில்லையே, ஏன்? முன்னால் நின்று பாடாமல் பின்னால் நின்று வாசித்தவர் என்பதாலா? பதில் வந்தால் முதல் கைதட்டல் என்னுடையது. நன்றி, வணக்கம்.