சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி இரவு

வணக்கம் நேயர்களே. மாசி மாதம் மகா சிவராத்திரி நெருங்கும் நாட்களில் சிதம்பரம் ரயிலடியில் இறங்குகிறவர்களை வழியை வைத்தே பிரித்துவிடலாம். புத்தகப் பை மாட்டியவர்கள் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே அண்ணாமலைநகருக்கு நடப்பார்கள். 1929-லிருந்து அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது. சலங்கைப் பெட்டியும் தலைசாமான் பையுமாக வருகிறவர்களுக்கு மேற்கே, நடராஜர் கோயில் பக்கம் வேலை. 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி என்ற நடன விழாவில் ஆட வந்தவர்கள் அவர்கள்.

சிவராத்திரியன்று தொடங்கி ஐந்து நாள் நடக்கும். நுழைவுச்சீட்டு கிடையாது. சில ஆண்டுகளாகக் கோயிலுக்குள் ஒரு மேடை, வெளியே தெற்கு வீதியில் ஒரு மேடை என்று ஆகிவிட்டதால், புறப்படுமுன் அழைப்பிதழில் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறவுப் பெண் ஆடுகிறாள் என்று வந்து, தவறான மேடைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் உண்டு.

ஆட்டத்தை மட்டும் பார்க்க ஆறு மணிக்கு வருகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். மற்ற பாதி கோபுரக் கல்லில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். நான்கு கோபுரங்களின் வாசல் வழியிலும் இருபுறச் சுவர்களில் கரணங்கள் எனப்படும் நூற்றெட்டு நடன நிலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் உண்டு. காலையில் வந்தால் கிழக்குக் கோபுரம், மாலையில் வந்தால் மேற்கு. சாய்ந்த வெயில் வாசலுக்குள் விழும்போதுதான் கைவிரல்களும் முழங்கால் மடிப்பும் நிழல் பிடித்து எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் வாசலுக்குள் ஒரே மங்கல்.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், கழுத்துதான் வலிக்கும். இரண்டு போதும். ஒன்று, வரிசையில் முதலாவதான தலபுஷ்பபுடம்: இரு கைகளையும் சேர்த்துக் குவித்துப் பூ ஏந்துகிற நிலை. இன்னொன்று, லலாட திலகம்: கால் நெற்றி வரை ஏறும். அன்று இரவே முதல் குழு தொடக்க ஆட்டமான புஷ்பாஞ்சலிக்குக் கை குவிக்கும்போது, சாயங்காலம் கல்லில் பார்த்த கை எதிரே அசையும். அப்புறம் மேடையை நீங்கள் பார்க்கும் விதமே வேறு.

இனி உட்காரும் இடம். முன்வரிசைத் தரைக்குத்தான் போட்டி. ஆனால் அது நல்ல இடமில்லை. மேடை நான்கடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் சம்மணமிட்டவரின் கண் இரண்டரை அடியில் இருக்கும். நடனமணி மேடையின் பின்பக்கம் போனதும் பாதம் மறைந்துவிடும், அடவை, அதாவது காலசைவை, காதால்தான் பார்க்க வேண்டும்! முப்பது, நாற்பதடி தள்ளி, நாற்காலியில், நடுவாக உட்காருங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வேண்டாம். அங்கே தாளத்துக்குச் சொல்லும் ஜதி சொற்கட்டாகக் கேட்காது, வெறும் இரைச்சலாகத்தான் விழும்.

ஒரு குழுவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ கால் மணியிலிருந்து அரை மணி. நீண்ட உருப்படியான வர்ணத்தை முழுதாக அதில் அடக்க முடியாது. புஷ்பாஞ்சலி, ஒரு கீர்த்தனை, தில்லானா என்று போகும். முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் தில்லை என்னும் சிதம்பரத்தைப் பாடியது ஏராளம் என்றாலும், எல்லாருக்கும் பிடித்தது சில பாட்டுகள்தாம். ஒரே பாட்டு ஒரே இரவில் மூன்று முறை வரலாம். அலுத்துக்கொள்ளாமல் குஞ்சித பாதத்தை, அதாவது நடராஜர் தூக்கிய காலை, மட்டும் ஒப்பிடுங்கள். இங்கே தூக்கிய கால் இடது; ஊன்றிய வலது காலடியில் முயலகன் என்ற அசுரன். வலது காலைத் தூக்கினால் அது மதுரை வெள்ளியம்பலத்து ஆட்டம்.

நிகழ்ச்சி நேரம் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒலிப்பதிவு. ஆடுகிறவர்கள் பாட்டை இரண்டு பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றிலும் அன்றைய கோப்பு மட்டும், வேறு எதுவும் கூடாது. தொடக்கத்தில் ஐந்து வினாடி மௌனம் விட்டால் நடனமணி நிலைக்கு வர நேரம் கிடைக்கும். பாட்டு தெரிந்த ஒருவர் ஒலி இயக்குபவர் பக்கத்திலேயே உட்காரட்டும். ஆறு குழுக்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் தாமதித்தால் ஏழாவது குழு ஒரு மணி நேரம் ஒப்பனையோடு காத்திருக்கும். நேரடிப் பக்கவாத்தியம் என்றால் பின்னிரவுப் பனி பொல்லாதது. மிருதங்கத் தோல் ஈரம் இழுத்துச் சுருதி இறங்கும். ஏறுமுன் மறுபடி தட்டிச் சேர்க்க வேண்டும். மேடையில் உதிர்ந்த சலங்கை மணியையும் ஊசியையும் ஒவ்வொரு குழுவும் இறங்கும்போதே பொறுக்கிவிட வேண்டும். அடுத்து ஆடுவது வெறுங்கால்.

பார்வையாளர்களுக்கு ஒரு சால்வை, தரைக்கு ஒரு விரிப்பு, ஒரு போத்தல் தண்ணீர் போதும். நடராஜர் சன்னதிக்கு முன்னால் உள்ள கனகசபையில் ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்ற எளிதான உடையாக இருக்கட்டும். விரதம் இல்லாதவர்கள் கத்தரிக்காய்க் கொத்சுவை விட்டுவிடாதீர்கள். சம்பா சாதத்தோடு சாப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம். இட்லிக்குத் தொட்டுக்கொள்வதெல்லாம் இரண்டாம் பட்சம். அறை கிடைக்காவிட்டால் கடலூரோ மயிலாடுதுறையோ, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

செருப்பை எந்த வீதி வாசலில் விட்டீர்கள் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நான்கு கோபுரமும் ஏழு நிலை, நள்ளிரவில் நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கீழ வீதியில் விட்டு மேல வீதியில் தேடினால் விடிந்துவிடும். வணக்கம்.