ஹோம்ஸ் மேல் பாசம் வைத்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

"தான் படைத்த பாத்திரத்தின் மேல் எழுத்தாளர் வைக்கும் பாசம் கதைக்குப் பலமா, பாரமா?" இதுதான் தலைப்பு. பாரமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, அதே காக்கைக் கூட்டில் குயில் முட்டையும் கிடக்கும். எது தன் குஞ்சு என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஊட்டிவிடுகிற பறவையைப் போய் எழுத்தாளருக்கு உதாரணமாகக் காட்டலாமா?

அடுத்து, துப்பறியும் கதைகளின் நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸைக் கூப்பிட்டார். அவனைப் படைத்து, கதையிலேயே கொன்றும்விட்ட எழுத்தாளர் கானன் டாயிலால் அவனைப் பிரிந்து இருக்க முடியவில்லை, பாசம்தான் மறுபடி உயிர் கொடுத்தது என்றார். நடுவர் அவர்களே, இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

ஹோம்ஸ் முதலில் தலைகாட்டியது 1887-இல். பெரிய புகழ் வந்தது 1891 ஜூலையிலிருந்து, ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிறுகதைகள் வரத் தொடங்கிய பிறகு. அதே 1891 நவம்பரில் டாயில் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறார். ஹோம்ஸை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று யோசிக்கிறேன், இதைவிட நல்ல வேலைகளில் மனம் போகாமல் இவன் தடுக்கிறான் என்கிறார். புகழ் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை! அம்மா பதறிப்போய், கூடவே கூடாது என்று தடுத்தார். தடுத்ததோடு நிற்காமல், பொன்னிறக் கூந்தலை வெட்டிக்கொண்டு வேலைக்கு வரச்சொல்லும் ஒரு விசித்திரமான வீட்டைப் பற்றிக் கதைக்கருவும் கொடுத்தார். அது 1892-இல் கதையாக வந்தது. ஹோம்ஸின் தண்டனை தள்ளிப்போனது. ஆக, பாசம் யாருக்கு இருந்தது? பெற்றவருக்கு இல்லை ஐயா, பாட்டிக்கு!

பாட்டியாலும் ரொம்ப நாள் காப்பாற்ற முடியவில்லை. 1893 டிசம்பர் இதழில், சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் கதை முடிந்தது. அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பொய்க் கடிதத்தை நம்பி விடுதிக்குப் போன வாட்சன், ஹோம்ஸின் நண்பர், கதையைச் சொல்பவர், திரும்பி ஓடிவருகிறார். ஹோம்ஸின் மலையேறும் கோல் பாறையில் சாய்ந்தபடி நிற்கிறது. ஈர மண்ணில் ஹோம்ஸ், அவன் எதிரி மொரியார்ட்டி என இரண்டு பேரின் காலடித் தடங்கள் விளிம்பை நோக்கிப் போகின்றன, திரும்பி வந்த தடம் இல்லை. பாறைமேல் வெள்ளி சிகரெட் பெட்டி, அதன் அடியில் குறிப்பேட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள். சாகப்போகிற மனிதன் எழுதிய கடிதம், ஆனால் கையெழுத்து தன் அறையில் உட்கார்ந்து எழுதியது போல உறுதியாகவும் தெளிவாகவும் இருந்தது என்கிறார் வாட்சன். படிக்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது. எழுதியவருக்கு அடைத்ததா? அவர் ஹோம்ஸைப் பற்றிப் பின்னாளில் என்ன சொன்னார் தெரியுமா? ஒருகாலத்தில் வாத்தின் ஈரலில் செய்த ஒரு பதார்த்தத்தை அளவுக்கு மீறித் தின்றுவிட்டேன், இன்றைக்கும் அதன் பெயரைக் கேட்டால் குமட்டுகிறது, ஹோம்ஸும் எனக்கு அப்படித்தான் என்றார். இதுதான் எதிரணி கண்டுபிடித்த பாசம்.

உடலைக் காட்டவில்லையே, ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாரே என்று அம்மா கேட்கலாம். கதவு திறந்திருந்தது சரி. எட்டு வருடம் அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லையே! 1901-இல் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையை எழுதினபோதும், இது ஹோம்ஸ் சாவதற்கு முந்தைய வழக்கு என்று சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொண்டார். 1903-இல்தான் உயிரோடு கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பத்திரிகை நீட்டிய தொகை, யாருக்கும் பாசத்தை வரவழைக்கக்கூடிய தொகை.

இங்கேதான் என் கட்சியின் உயிர்நாடி இருக்கிறது. 1903 கதையில், கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தைக் கலைத்துவிட்டு ஹோம்ஸ் எதிரே நிற்கும்போது வாட்சன் மயங்கி விழுகிறார். போர்முனை பார்த்த ராணுவ மருத்துவர், வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக மயங்குகிறார். டாயில் மயங்கவில்லை. பாசம் முழுவதையும் வாட்சன் கையில் கொடுத்துவிட்டு, அவர் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தார். கதைக்குள் பாசம் தேவைதான், நான் மறுக்கவே இல்லை. அது பேனா பிடித்த கையில் இருக்கக்கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, டாயில் உண்மையிலேயே பாசம் வைத்த பிள்ளைகள் யார்? பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்து வீரர்களைப் பற்றி அவர் இரண்டு சரித்திர நாவல்கள் எழுதினார். ஒன்று 1891-இல் வந்த தி ஒயிட் கம்பெனி, மற்றது 1906-இல் வந்த சர் நைஜல். தன் எழுத்திலேயே உயர்ந்தவை இவைதான் என்று நம்பினார். இந்த அரங்கில் அவற்றைப் படித்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். இரண்டு கை தெரிகிறது. அதில் ஒன்று மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிற கை. கொஞ்சிய பிள்ளைகளை ஊருக்கே தெரியவில்லை. அருவியில் தள்ளிவிட்ட பிள்ளை உலகத்தை ஆள்கிறான்.

இன்னொன்றும் உண்டு. கார்ன்வாலில் ஒரு படகோட்டி தன்னிடம் சொன்னதாக டாயிலே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ஹோம்ஸ் அந்த மலையிலிருந்து விழுந்து சாகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அப்புறம் அவர் பழைய ஆளாக இல்லை என்றாராம் அந்தப் படகோட்டி. வாசகர்களின் பாசத்துக்காக இழுத்து வந்ததற்கே இந்த கதி!

அகதா கிறிஸ்டியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தான் படைத்த துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவை அவருக்குச் சகிக்காது என்பதை அவரே மறைத்ததில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பொய்ரோவின் மரணத்தை நாவலாக எழுதிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்புறம் முப்பது வருடம் அதே ஆளை வைத்துக் கதை எழுதினார். கருமாதிப் பத்திரிகையை அச்சடித்து பீரோவில் வைத்துவிட்டு, ஆளை தினமும் வேலைக்கு அனுப்புகிற பாசத்தை எந்த வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்? 1975-இல் அந்த நாவல் வெளிவந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. அழுதது அவர்கள்.

எதிரணியின் இளைஞர் ஒருவர், மேடம் போவாரி நாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரைக் கொண்டுவந்தார். நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். அதன் நாயகி எம்மா போவாரி விஷம் குடிக்கும் கட்டத்தை எழுதும்போது தன் வாயிலேயே ஆர்செனிக்கின் சுவை தெரிந்ததாகவும், சாப்பிட்ட சாப்பாட்டை வாந்தி எடுத்ததாகவும் ஃப்ளோபேரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இது பாசம் இல்லாமல் வேறென்ன என்று கேட்டார் தம்பி. தம்பி, அது கூடுவிட்டுக் கூடு பாய்வது. பாசம் இருந்தால் விஷப்புட்டியைத் தட்டிவிட்டிருப்பார். ஃப்ளோபேர் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். எம்மாவின் வாயில் மையின் கசப்பு ஊறுவதை எழுதினார். கடைசி மூச்சில் ஜன்னலுக்கு வெளியே குருட்டுப் பிச்சைக்காரன் சிருங்காரப் பாட்டுப் பாடுவதையும், அதைக் கேட்டு அவள் கோரமாகச் சிரிப்பதையும் எழுதினார். ஒரு சலுகை கொடுத்தாரா? அப்பா அறுவை மருத்துவர், பிள்ளையும் அதே கத்தியைத்தான் எடுத்தார்.

நம் ஊருக்கு வருகிறேன். ராமன் மேல் கம்பருக்கு இல்லாத பக்தியா? ஆனாலும் அம்பு பட்டுக் கிடக்கிற வாலியின் வாயில், "நீ பரதன்முன் தோன்றினாயே!" என்று வைத்தார் பாருங்கள். பரதனுக்கு அண்ணனாகப் பிறந்தவன் செய்கிற வேலையா இது என்று ராமன் முகத்துக்கு நேரே கேட்க வைக்கிறார். ராமன் கம்பர் படைத்த பாத்திரம் இல்லையே என்பீர்கள். சரி, சொந்தமாகப் படைத்தவரிடமே போவோம்.

ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் அக்னிப் பிரவேசம். மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் கல்லூரிப் பெண் யாரோ ஒருவனின் காரில் ஏறி, கெட்டு, வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊரெல்லாம் சண்டை, ஆனால் அந்தப் பெண் தப்பித்தாள். அம்மாவின் கருணையும் ஆசிரியரின் கருணையும் அவளுக்குக் கிடைத்தன. பாசம் உள்ளவர் என்ன செய்வார்? அவளை அங்கேயே நிம்மதியாக விட்டுவிடுவார்.

ஜெயகாந்தன் விடவில்லை. சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலில் அவளுக்கு கங்கா என்று பெயர் வைத்தார். வைத்துவிட்டு, கொடுத்த கருணையைப் பிடுங்கிக்கொண்டார். இந்த அம்மா தண்ணீர் ஊற்றவில்லை, ஊருக்குத் தெரியும்படி கூச்சல் போடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிக்கவைத்து ஆளாக்கிய மாமாவே அவளைத் தப்பாகப் பார்க்கிறார். இது போதாதென்று, அம்மா தண்ணீர் ஊற்றி மன்னிக்கிற அந்தப் பழைய கதையை ஒரு பத்திரிகையில் கங்காவையே படிக்க வைக்கிறார்! உனக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாழ்க்கை இது, ஆனால் கதையில் மட்டும்தான் என்று அவள் கையிலேயே கொடுக்கிறார். எந்தத் தகப்பனாவது பெண்ணுக்கு இதைச் செய்வானா? 1972-ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது இந்த நாவலுக்குத்தான், தண்ணீர் ஊற்றிய கதைக்கு இல்லை.

பாசம் இருந்ததால்தானே அவளைத் திரும்பத் தேடிப் போனார் என்று எதிரணியில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வழக்கை முடிக்காத புலனாய்வு அதிகாரியும் திரும்பத் திரும்பத்தான் போவார். பாசத்தாலா போகிறார்? முதல் தடவை எழுதினபோது விட்டுவந்த ஒரு கேள்வி அவரை அரித்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எல்லா அம்மாவும் தண்ணீர் ஊற்றுவாளா என்பதே அந்தக் கேள்வி.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வருபவர் கல்கியோடு வரப்போகிறார் என்பது அவர் மடியில் இருக்கிற தடித்த புத்தகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பொன்னியின் செல்வன் முடிந்த பிறகும் வாசகர்களின் கேள்விகளுக்கெல்லாம் கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார், அது பாசமில்லையா என்பார். வாசகர்களின் பாசம் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஐயா, மணிமேகலையைப் புத்தி பேதலிக்க வைத்து, வந்தியத்தேவன் மடியிலேயே சாகவிட்டது யார் என்று மட்டும் முதலில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.