விடை சொல்லாமல் விட்ட ஐந்து மாதிரிகள்: ரத்தப் புற்றுநோயைக் கணினி எப்படி வகைப்படுத்துகிறது?

[திரை: சாயமேற்றிய எலும்பு மஜ்ஜை ஸ்லைடு. பெரிய உட்கருவுடன் ஊதா நிறச் செல்கள்.]

இந்த ஸ்லைடில் தெரிபவை, எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சி அடையாமலே பெருகிவிட்ட வெள்ளையணுக்கள்; இதுவே லுக்கீமியா எனப்படும் ரத்தப் புற்றுநோய். இவை லிம்பாய்டு வழியில் (லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களை உருவாக்கும் வழி) வந்தவையா, மைலாய்டு வழியில் (மற்ற ரத்த அணுக்களை உருவாக்கும் வழி) வந்தவையா என்பதைப் பொறுத்தே நோயாளிக்கு ஏற்றப்படும் மருந்து முடிவாகிறது. ஏ.எல்.எல். எனப்படும் லிம்பாய்டு வகைக்கு வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், அஸ்பராஜினேஸ், ஸ்டீராய்டு ஆகியவை முதன்மையானவை, ஏ.எம்.எல். எனப்படும் மைலாய்டு வகைக்கு டோனோரூபிசினும் சைட்டராபினும் அடிப்படை. வகையை மாற்றிச் சொல்லிவிட்டால், நோயாளி மருந்தின் நச்சுத்தன்மையை முழுவதுமாகத் தாங்கவேண்டியிருக்கும். குணமடையும் வாய்ப்போ குறைந்துவிடும்.

வெறும் கண்ணால் ஸ்லைடைப் பார்த்து இதை எப்போதும் தீர்மானித்துவிட முடியாது. செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, குரோமோசோம் ஆய்வு, ஜீன் சோதனை என ஒவ்வொன்றின் முடிவும் வெவ்வேறு நாளில் வந்துசேர, அனுபவம் மிக்க ஒருவர் அவற்றைச் சேர்த்துப் படித்துத்தான் நோய்க்குப் பெயர் வைக்கிறார். இந்தப் படிப்பைக் கணினியிடம் ஒப்படைக்க முடியுமா என்ற கேள்விக்குத் தெளிவான முதல் சோதனை 1999இல் நடந்தது.

[திரை: புள்ளிகளால் நிறைந்த சிப். சில புள்ளிகள் பிரகாசமாகவும் சில மங்கலாகவும்.]

அமெரிக்காவில் டாட் கோலப், எரிக் லாண்டர் உள்ளிட்ட குழுவினர், ஏற்கெனவே வகை தெரிந்த 38 மஜ்ஜை மாதிரிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 27 ஏ.எல்.எல்., 11 ஏ.எம்.எல். ஒவ்வொரு மாதிரியிலும் 6,817 ஜீன்கள் எந்த அளவுக்குச் செயல்படுகின்றன என்பதை, அவை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு ஒரு சிப் அளந்தது. இரு வகைகளையும் நன்றாகப் பிரித்துக்காட்டிய 50 ஜீன்களை மட்டும் அவர்கள் பொறுக்கி எடுத்தார்கள்.

அதன்பிறகு நடப்பது ஏறக்குறைய ஊர்க்கூட்டத்தில் கை தூக்குவதைப் போன்றது. புதிய மாதிரி ஒன்று வரும்போது, 50 ஜீன்களில் ஒவ்வொன்றும் தன் செயல்பாட்டு அளவு எந்த வகையை ஒத்திருக்கிறதோ அந்த வகைக்கு வாக்களிக்கிறது; எல்லா வாக்குக்கும் ஒரே எடை கிடையாது. இரு பக்கத்து வாக்குகளையும் கூட்டிப் பார்த்து, வென்ற பக்கம் எவ்வளவு இடைவெளியில் வென்றது என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகக் கணினி தருகிறது. அந்த எண் 0.3ஐத் தாண்டாவிட்டால் ‘உறுதியாகச் சொல்ல இயலாது’ என்பதே விடை.

அதுவரை காணாத 34 மாதிரிகளைக் கொடுத்தபோது, 29 மாதிரிகளுக்குக் கணினி விடை சொன்னது, அத்தனையும் சரி. மீதி 5 மாதிரிகளுக்கு அது விடை சொல்லவில்லை. பாராட்டு 29க்குத்தான் போகும் என்றாலும், இந்த ஆய்வில் கவனித்துப் படிக்கவேண்டிய எண் 5 என்றே நான் கருதுகிறேன். வாக்கு இடைவெளி குறைவாக வந்த மாதிரிகளைப் பார்த்தால், மாதிரியைப் பதப்படுத்துவதில் மற்றவர்களிடமிருந்து பெரிதும் மாறுபட்ட முறையைக் கையாண்ட ஓர் ஆய்வகத்தின் மாதிரிகள் தனித்துத் தெரிந்தன. நோயை மட்டும் அளப்பதாக நாம் நம்பும் கருவி, மாதிரியைக் கையாண்ட விதத்தையும் சேர்த்தே அளக்கிறது.

[திரை: இரு பெட்டிகள். அவற்றுக்கு வெளியே நிற்கும் ஒரு மாதிரிக் குழாய்.]

அதே ஆய்வில் இன்னொரு நோயாளியின் கதையும் வருகிறது. ரத்த அணுக்கள் எல்லாம் குறைந்திருந்தன. ரத்தத்தில் முதிராச் செல்களைப் போன்றவை சுற்றிக்கொண்டிருந்தன. பார்ப்பதற்கு லுக்கீமியாவேதான்; ஏ.எம்.எல். என்றே முதலில் கருதப்பட்டது. கணினியோ இரு வகைகளில் எதற்கும் வலுவான வாக்கைத் தரவில்லை. அந்த மாதிரியில் மிகையாகச் செயல்பட்ட ஜீன்களைத் தேடிப் பார்த்தபோது, அவை தசையோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. குரோமோசோம் ஆய்வு செய்ததில் 2ஆம், 13ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தன. அது மஜ்ஜைக்குப் பரவியிருந்த ராப்டோமயோசார்கோமா என்னும் தசைப் புற்றுநோயின் அடையாளம். சிகிச்சை அதன்படி மாற்றப்பட்டது. இரண்டே பெட்டிகளைக் கொண்ட கணினிக்கு மூன்றாவது நோயின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. எதிலாவது ஒன்றில் போட்டே தீரவேண்டும் என்று அதை வடிவமைத்திருந்தால், ஏ.எம்.எல். என்ற தவறான பெயரோடு கணினியின் ஒப்புதலும் சேர்ந்திருக்கும்.

பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் முயற்சி பிறகு பெரிய அளவில் நடந்தது. 2010இல் டார்ஸ்டன் ஹாஃபர்லாக் தலைமையில் வெளியான ‘மைல்’ (MILE) என்ற ஆய்வில், மூன்று கண்டங்களைச் சேர்ந்த 11 ஆய்வகங்களும் 3,334 நோயாளிகளும் இடம்பெற்றார்கள். முதல் கட்டத்தில் 18 வகைகளைப் பிரித்ததில் துல்லியம் 92.2 சதவீதம். இரண்டாம் கட்டத்தில், வழக்கமான சோதனைகளும் சிப்பும் முரண்பட்ட 51 பேரைத் தனியே எடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். 29 பேர் விஷயத்தில் சிப் சொன்னதே மேலாக இருந்தது. அதாவது முரண்பாடு எழும்போது ஒரு தரப்பின் சொல்லையே எப்போதும் இறுதியாகக் கொள்ள முடியாது. மறுபரிசோதனைதான் ஒரே வழி.

[திரை: சாதாரண ரத்தப் பரிசோதனை அறிக்கை. சில வரிகள் மஞ்சளில் ஒளிர்கின்றன.]

ஜீன் சிப்பும் நிபுணரும் இல்லாத மருத்துவமனையில், நள்ளிரவில் வந்து சேரும் நோயாளிக்கு என்ன செய்வது? பிரான்ஸில் ஆறு பல்கலைக்கழக மருத்துவமனைகளின் 1,410 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2024இல் வெளியான ஆய்வு, இதற்கு எளிய தரவுகளையே நாடியது. வயது, வெள்ளையணு மற்றும் தட்டணு எண்ணிக்கை, ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), எல்.டி.எச். (செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) உள்ளிட்ட 10 அளவுகளே உள்ளீடு, விடை ஏ.எல்.எல்., ஏ.எம்.எல்., ஏ.பி.எல். என்ற மூன்றில் ஒன்று. ஏ.எம்.எல். குடும்பத்தில் ஒரு தனி வகையான ஏ.பி.எல்.ஐப் பிரித்தறிவதில்தான் அது மிகச் சிறப்பாகச் செயல்பட்டது. அதற்குக் காரணம் உண்டு: ஏ.பி.எல். ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடுவதால், ஃபைப்ரினோஜன் சரிந்து அறிக்கையிலேயே தடயம் விட்டுச்செல்கிறது.

அந்தக் குலைவால் மூளையில் ரத்தம் கசிந்து, சிகிச்சை தொடங்கும் முன்பே சிலர் இறந்துபோகிறார்கள். ஆகவே ஏ.பி.எல். என்று சந்தேகம் எழுந்தவுடனே, வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஏ.டி.ஆர்.ஏ. மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கணினி எந்த அளவு உறுதியோடு பேசவேண்டும் என்ற வரம்பும் இங்கே மாறவேண்டும். ஏ.எல்.எல்.லா ஏ.எம்.எல்.லா என்று சொல்வதற்கு உயர்ந்த உறுதி தேவை, ‘ஏ.பி.எல். ஆக இருக்கலாம்’ என்று எச்சரிப்பதற்கோ சிறு சந்தேகமே போதுமானது. மாத்திரை தொடங்கப்படும் அதே வேளையில் மாதிரி ஜீன் சோதனைக்குப் போகிறது. 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி உருவாக்கும் பி.எம்.எல்.-ஆர்.ஏ.ஆர்.ஏ. இணைவு அதில் தென்பட்டால் மருந்து தொடரும். தென்படாவிட்டால் மாத்திரை நிறுத்தப்பட்டு, ஸ்லைடு மீண்டும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைக்கப்படும்.