ஒருவல உருக்காலை: யாருடையது, என்ன செய்கிறது?

[காட்சி: பழைய சோனகத் தெரு. லொறியிலிருந்து கம்பிக் கட்டுகள் இறங்குகின்றன.]

வணக்கம். கொழும்பு 12இல் கம்பி வாங்கப் போகிறவர்களுக்கு லன்வா என்ற பெயர் பழக்கமானது. அந்தக் கம்பி உருவாகும் ஆலை அத்துருகிரியவுக்குப் பக்கத்தில், ஒருவலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது மக்கள் சொத்து.

[காட்சி: வரைபடம், கொழும்பிலிருந்து ஒருவல]

1958இல் சோவியத் யூனியனோடு இலங்கை பொருளாதார உதவி ஒப்பந்தம் செய்தது. களனி டயர் தொழிற்சாலையும் இந்த உருக்காலையும் அதில் வந்தவைதான். 1961இல் இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனம் உருவானது. 1967இல் ஆலை ஓடத் தொடங்கியது. 1996இல் அரசாங்கம் அதைத் தென்கொரியாவின் ஹன்ஜுங் நிறுவனத்துக்கு விற்றது. பிறகு அது இலங்கைத் தொழிலதிபர் நந்தன லொக்குவிதானவின் கைக்கு வந்தது.

விற்றது சரியா பிழையா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. நடக்கட்டும், அது தேவையான வாதம். ஆனால் ஆலைக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த வாதத்துக்குள் இறங்கக் கூடாது என்பதே என் கருத்து.

[காட்சி: சிவக்கக் காய்ந்த பில்லெட் உருளைகளுக்குள் நுழைகிறது.]

உருக்காலை என்றதும் இரும்புத் தாதை உருக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் தாதை உருக்கும் ஊதுலையே கிடையாது. பனிரெந்தாவையிலும் சேருவிலையிலும் இரும்புத் தாதுப் படிவு இருக்கிறது. ஒரு பெரிய ஆலைக்குக் காலம் முழுக்க அது போதாது. ஒருவல, அடிப்படையில், ஓர் உருட்டாலை. பில்லெட் எனும் நீண்ட சதுர உருக்குக் கட்டையை உலையில் 1,100 பாகை செல்சியஸுக்கு மேல் காய வைத்து, உருளைகளுக்கிடையே மறுபடி மறுபடி விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கட்டை மெலிந்து நீளும். கடைசி உருளையில் வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான் கம்பியின் மேல் வரம்புகளாகப் பதிகின்றன.

உடனே தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். வெளிப்புறம் சட்டென்று இறுகும்; உள்ளே தங்கிய சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். இதுதான் டி.எம்.டி. கம்பி. வெளியே உறுதி, உள்ளே வளைந்து கொடுக்கும் தன்மை. கொங்கிரீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

உருட்டத் தேவையான பில்லெட்டில் பெரும்பங்கு கொழும்புத் துறைமுகம் வழியாகத்தான் வருகிறது. அதனால் உள்ளூர்க் கம்பியின் விலையிலும் டொலர் கலந்தே இருக்கிறது. 2022இல் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் கடிதம்) திறக்க டொலர் இல்லாமல் இறக்குமதியாளர்கள் திண்டாடியபோது கட்டடத் தளங்கள் வெறிச்சோடிப் போனதைக் கொழும்பில் எல்லோரும் பார்த்தோம். ஆலை அரசிடமே இருந்திருந்தாலும் அந்த டொலர் வானத்திலிருந்து விழுந்திருக்காது. ஆகவே ஆண்டுக்கு எத்தனை தொன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் இங்கே சேர்ந்த பெறுமதி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

[காட்சி: தராசில் ஒரு கம்பி]

ஆலை தொன்னில் கணக்குப் பார்க்கிறது, நாம் கடையில் பெரும்பாலும் துண்டுக் கணக்கில் வாங்குகிறோம். மெலிந்த கம்பியை விற்கிறவர்களுக்கு இலாபம் அந்த இடைவெளியில்தான். விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுங்கள். ஒரு மீற்றரின் நிறை கிலோகிராமில் வரும். 12 மில்லிமீற்றர் கம்பி, 6 மீற்றர் நீளம் என்றால், ஏறக்குறைய 5.3 கிலோ. கம்பியில் எஸ்.எல்.எஸ். 375 எனும் இலங்கைத் தரக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். தராசில் நிறை கண்கூடாகக் குறைந்தால் அந்தக் கம்பிக் கட்டை லொறியிலிருந்து இறக்க விடாதீர்கள்.