குப்பையில் கிடந்த சேவல்

வணக்கம் நேயர்களே. விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, கிரிக்கெட்டைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நான் பேசப் போவது ஒரு சேவலைப் பற்றி.

1990ஆம் ஆண்டு. வட இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊர், கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே குப்பை கொட்டிக் கிடந்த ஓர் இடத்தில் கனமான கோப்பை ஒன்று கண்ணில் பட்டது. உச்சியில் ஒரு சேவல். விசாரித்துப் பார்த்தால், ரக்பி லீக் ஆட்டத்தின் உலகக் கோப்பை! 1970இல் உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்த சமயம், அதே ஊரில் ஓர் ஓட்டலில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருபது வருடம் ஆளும் தெரியவில்லை, பேரும் தெரியவில்லை. நம் ஊர்க் கோழி குப்பையைக் கிளறும். இது குப்பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

சரி, அந்தச் சேவல் எப்படி அங்கே வந்தது? இந்த உலகக் கோப்பையை வென்ற நாடுகள் மூன்றே மூன்று: ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிறகு 2008இல் ஒரே ஒரு தடவை நியூசிலாந்து. சேவலோ பிரான்ஸின் சின்னம். அந்த நாடு ஒரு தடவைகூட வென்றதில்லை. வெல்லாதவனின் சின்னம் வெற்றிக் கோப்பையின் தலையில் ஏறி உட்கார்ந்த கதைதான் பிரான்ஸ் ரக்பி லீக் அணியின் கதை.

முதலில் ஒரு சிறு விளக்கம். ரக்பி என்று ஒன்று இல்லை, இரண்டு இருக்கின்றன. எனக்கே இது புரிய வெகு நாளாயிற்று. பதினைந்து பேர் ஆடுவது ரக்பி யூனியன், பதின்மூன்று பேர் ஆடுவது ரக்பி லீக். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1895இல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்தில் ஓர் ஓட்டலில் கூடித் தனிக்குடித்தனம் போயின. காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டிக் கொடுங்கள் என்றார்கள். ஆட்டத்துக்குக் காசு வாங்குவது இழுக்கு என்று தெற்கத்திக் கனவான்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, சனிக்கிழமை வேலையா, வெட்டியா?

பிரிந்து போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விதிகளையும் மாற்றினார்கள். ஆள் பதின்மூன்றானது. பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே சாய்த்தால், யூனியனில் அவன் மேல் ஆட்கள் குவிந்து பந்துக்காகப் புரளுவார்கள். லீக்கில் பிடித்தவர்கள் விலக வேண்டும். விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி மறுபடி ஆட்டத்தைத் தொடங்குவான். சடுகுடு பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். பிடி, விடுவிப்பு, மறுபடி பாய்ச்சல்.

இனி பிரான்ஸ். அங்கே 1920களில் யூனியன் ரக்பிதான் தெற்குப் பகுதியின் உயிர்மூச்சு. ஊருக்கு ஊர் பகை, ஆடுகளத்தில் அடிதடி. அடிபட்டு உயிரை விட்டவர்களும் உண்டு. வெளியே எல்லாரும் சம்பளம் இல்லாத ஆட்டக்காரர்கள், உள்ளே மேசைக்கடியில் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். 1931இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து பிரான்ஸோடு இனி ஆடுவதில்லை என்று சொல்லிவிட்டன.

அந்த வெற்றிடத்தில்தான் லீக் நுழைந்தது. 1933 டிசம்பர் 31, பாரிஸில் பெர்ஷிங் மைதானம், கடுங்குளிர். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் காட்சி ஆட்டமாக லீக்கை ஆடிக் காட்டின. ஆஸ்திரேலியா 63, இங்கிலாந்து 13. ஓட்டமும் கைமாற்றமும் தவிர வேறெதுவும் இல்லாத ஆட்டம். பார்த்தவர்களுக்கு வாய் பிளந்துவிட்டது.

ழான் கலியா என்று ஒருவர். கட்டலோனிய வம்சம், யூனியனில் நாட்டுக்காக ஆடியவர், குத்துச்சண்டையும் தெரிந்தவர். வேறு கிளப் ஆட்டக்காரரைப் பணம் காட்டி இழுத்தார் என்று குற்றம் சாட்டி யூனியன் சம்மேளனம் அவரை விலக்கி வைத்திருந்தது. எல்லாரும் செய்வதைச் செய்ததற்கு ஒருவருக்கு மட்டும் தண்டனை. கலியா பதினேழு பேரைச் சேர்த்துக்கொண்டு 1934 மார்ச்சில் இங்கிலாந்துக்குப் போனார். அவர்களில் யாருமே லீக் ஆடியதில்லை! ஆறு ஆட்டம் ஆடி ஒன்றில் வென்றார்கள். அதற்கே ஊர் திரும்பியதும் கொண்டாட்டம். ஏப்ரலில் லீக் சம்மேளனம் பிறந்தது. அதே மாதம் 15ஆம் தேதி பாரிஸில் பஃபலோ மைதானத்தில் முதல் சர்வதேச ஆட்டம். இங்கிலாந்து 32, பிரான்ஸ் 21. தோல்விதான், ஆனால் முதல் அடியிலேயே 21 புள்ளி.

ஐந்தே வருடம். 1939 பிப்ரவரியில் செயின்ட் ஹெலன்ஸ் போய் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 12-9 என்று சாய்த்தார்கள். ஏப்ரலில் போர்தோவில் வேல்ஸை 16-10 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனார்கள். யூனியனில் பிரான்ஸ் இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக ஜெயித்தது 1951இல்தான். கிளப்புகள் லீக் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. யூனியன்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்திருக்கும்.

அப்புறம் போர். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. தெற்கே விஷி என்ற ஊரில் மார்ஷல் பெத்தானின் கீழ் ஓர் அரசு அமைந்தது. கெட்டுப்போன நாட்டைத் தூய்மைப்படுத்தப் போகிறோம் என்றார்கள். தூய்மை என்றால் விளையாட்டில் காசு கூடாது. சரி, கால்பந்து, சைக்கிள், குத்துச்சண்டை எல்லாவற்றிலும் காசு உண்டே? அவற்றுக்கு மூன்று வருடம் அவகாசம் தந்தார்கள். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பாஸ்க் பகுதியின் பெலோட்டா என்ற பந்தாட்டத்துக்கும் அவகாசம் கிடைத்தது. இளைஞர் நல அமைச்சர் ழான் இபார்நெகாரே பாஸ்க்காரர், அந்த ஆட்டத்தின் பெரும்புள்ளி. லீக்குக்கோ அவகாசமே கிடையாது. அதன் ஆயுள் முடிந்தது, பிரெஞ்சு விளையாட்டிலிருந்தே அழிக்கப்படும் என்ற பொருளில் அவர் அறிவித்தார். அவருக்குப் பின் விளையாட்டுத் துறைக்கு வந்தவர் ழான் பொரோத்ரா. விம்பிள்டனை இரண்டு தடவை வென்ற டென்னிஸ் நட்சத்திரம், அவரும் பாஸ்க்காரர். 1941 டிசம்பர் 19இல் பெத்தான் கையெழுத்திட்ட ஆணை வந்தது: லீக் சங்கம் கலைக்கப்படுகிறது, சொத்து தேசிய விளையாட்டுக் குழுவுக்குப் போகிறது.

யூனியன் தலைவர்களுக்கு விஷியில் செல்வாக்கு இருந்தது. பங்காளித் தகராறை ஆள்பவன் கையெழுத்தால் தீர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கணிப்பு. (பொரோத்ராவை ஜெர்மானியர்களே பின்னால் பிடித்துச் சிறைவைத்தார்கள். அது வேறொரு நாள் சொல்ல வேண்டிய கதை.)

ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆடுவதென்றால் யூனியன்தான். தெற்கே பெர்ப்பிஞான் என்ற ஊரில் ஒரு பையன் அப்படி யூனியன் ஆடி 1944இல் ஊருக்கு சாம்பியன் பட்டமும் வாங்கித் தந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பெயர் புயிக் ஓபேர். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் விடுதலையானதும் கார்கசோன் பக்கத்து இளைஞர் போல் பாரியேர் லீக்கை மறுபடி எழுப்பக் கிளம்பினார். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த போராளியாக இருந்தவர். மூன்று வருடத்தில், முப்பது வயதுகூட ஆகாமல், சம்மேளனத் தலைவரானார். ஆனால் பறிகொடுத்த பணம் திரும்பவில்லை. பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். எல்லாவற்றையும் விடக் கொடுமை, 'ரக்பி' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றார்கள். இனி அந்த ஆட்டத்தின் பெயர் 'பதிமூன்றின் ஆட்டம்'. 1990களின் தொடக்கம் வரை அப்படித்தான். பிறந்த வீட்டுப் பெயரை நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லக் கூடாத மருமகள் மாதிரி.

இங்கேதான் கதை நாம் எதிர்பார்க்கிற வழியில் போகவில்லை. தடை ஆட்டத்தைக் கொன்றது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த அணி தன் வரலாற்றில் மிக உயரத்துக்குப் போனது தடைக்குப் பிறகுதான்.

1951. பிரான்ஸ் அணி முதன்முறையாக ஆஸ்திரேலியா போகிறது. மூன்று டெஸ்ட், அதாவது நாட்டுக்கு நாடு ஆடும் மூன்று ஆட்டம். சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் முதல் டெஸ்ட், அறுபதாயிரம் பேர் கூட்டம். உள்ளூர்க்காரர்கள் இவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பிரான்ஸ் 26, ஆஸ்திரேலியா 15. பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா பதிலடி கொடுத்தது, 23-11. மூன்றாவதுக்கு மறுபடி சிட்னி: பிரான்ஸ் 35, ஆஸ்திரேலியா 14.

தலைமை தாங்கியவர் நம் பெர்ப்பிஞான் பையன் புயிக் ஓபேர். பெரிய உயரமில்லை. 'பிப்பெட்' என்று பட்டப்பெயர், ஓயாமல் சிகரெட் பிடிப்பதால் வந்தது. ஆட்டத்துக்கு நடுவிலேயே பார்வையாளரிடம் ஒன்று வாங்கி ஓர் இழுப்பு இழுப்பார் என்று கதை சொல்வார்கள். எதிராளியை ஓடிப் பிடிக்கிற வேலை அவருக்கு ஆகவே ஆகாது. அதற்குத்தான் மற்ற பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே! ஆனால் கோலுக்கு உதைக்க வந்துவிட்டால் வேறு ஆள். பந்தைத் தரையில் நிறுத்துவார், நாலடி பின்னால் நடப்பார், திரும்பி அலட்சியமாக வந்து உதைப்பார். பந்து கம்பத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கக்கூட நிற்காமல் திரும்பிவிடுவார் என்பார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் மட்டும் 200 புள்ளிக்கு மேல் சேர்த்தார்.

அவரை மட்டும் சொன்னால் பாவம் சேரும். எலி புரூஸ், எதுவார் பொன்சினே என்று இரண்டு முன்னணி வீரர்கள் இருந்தார்கள். இவர்கள் மோதினால் சுவரே நகரும். பந்து கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பந்தைக் கட்டிக்கொண்டு இடித்து முன்னேறுவதே வழக்கமாயிருந்த ஆஸ்திரேலியர்களுக்கு அது தலையைச் சுற்ற வைத்தது. அணி ஊர் திரும்பியபோது மார்செய் நகரின் தெருக்கள் கொள்ளவில்லை. பெயர் பறிக்கப்பட்ட ஆட்டக்காரர்களை ஊரே கூடி வரவேற்றது. 1955இல் மறுபடி போனார்கள், மறுபடி 2-1 என்று தொடரை வென்றார்கள்.

இடையில் பாரியேர் ஒரு காரியம் செய்தார். உலகக் கோப்பை நடத்தலாம் என்றார். ஆடுகிற நாடே நாலுதான். நாலு போதும் என்றார். கோப்பையையும் தானே கொடுத்தார். சேவல் அப்படி வந்தது. 1954 அக்டோபர் கடைசியில் பிரான்ஸில் தொடங்கியது. யூனியன்காரர்கள் உலகக் கோப்பை நடத்த இதற்கப்புறம் 33 வருடம் ஆனது.

பிரான்ஸ் நியூசிலாந்தை வென்றது, ஆஸ்திரேலியாவை வென்றது, துலூஸில் பிரிட்டனோடு 13-13 என்று சமன். புள்ளிப் பட்டியலில் இருவரும் சமம் என்பதால் இறுதி ஆட்டம் வைத்தார்கள். நவம்பர் 13, பாரிஸ் பார்க் தே பிரின்ஸ் மைதானம், முப்பதாயிரம் பேர். பிரிட்டனின் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் வரவில்லை. டேவ் வாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலைமையில் வந்தது பெயர் தெரியாத பிள்ளைகள் நிறைந்த அணி. பிரான்ஸுக்குத்தான் கோப்பை என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. பிரிட்டன் 16, பிரான்ஸ் 12. சேவல் கடல் தாண்டிப் போனது.

1968இல் இன்னொரு தடவை இறுதிக்கு வந்தார்கள், சிட்னியில் ஆஸ்திரேலியாவிடம் 20-2 என்று தோற்றார்கள். 1978இல் வீட்டில் வைத்து ஆஸ்திரேலியாவை இரண்டு டெஸ்டிலும் வென்றார்கள்: கார்கசோனில் 13-10, துலூஸில் 11-10. அதற்குப் பிறகு 27 வருடம் ஆஸ்திரேலியா யாரிடமும் ஒரு தொடரைக்கூடத் தோற்கவில்லை. பிரான்ஸின் விளக்கு அணைவதற்கு முன் பிரகாசித்தது அப்போதுதான்.

ஏனென்றால் 1941இல் விதைத்தது அறுவடைக்கு வந்துவிட்டது. 1951இல் ஆடியவர்கள் தடைக்கு முன்பே ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறை. அவர்கள் ஓய்ந்ததும் அடுத்தவன் எங்கிருந்து வருவான்? பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் கையில் கொடுப்பது யூனியன் பந்து. மைதானமும் நிதியும் போனதை ஈடுகட்டலாம். பத்து வயதுப் பையன்களை ஈடுகட்ட முடியாது. பழியை முழுக்க விஷியின் தலையில் போடவும் எனக்கு மனம் வரவில்லை. 1981இல் உள்நாட்டு சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே கைகலப்பாகி, ஆட்டமே கைவிடப்பட்டது. தொலைக்காட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு பெத்தான் பொறுப்பில்லை.

இப்போது பெர்ப்பிஞானில் கட்டலன் டிராகன்ஸ் என்ற கிளப் 2006 முதல் இங்கிலாந்தின் உயர்மட்ட லீக் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடுகிறது. 2018இல் வெம்பிளியில் வாரிங்டன் கிளப்பை 20-14 என்று வென்று, பிரிட்டனின் பழம்பெரும் லீக் கிளப் போட்டியான சேலஞ்ச் கோப்பையை எடுத்தது. பிரிட்டனுக்கு வெளியே போன முதல் சேலஞ்ச் கோப்பை அது. அவர்களுடைய மைதானத்தின் பெயர் ஜில்பேர் புருட்டஸ். ரக்பி ஆடியவர், எதிர்ப்புப் போராளி, 1944இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் பிடியில் இறந்தவர்.

தேசிய அணி மட்டும் தேறவில்லை. 2025 உலகக் கோப்பையை நடத்தும் உரிமை பிரான்ஸுக்குக் கிடைத்தது. 2023 மே மாதம், அரசு பண உத்தரவாதம் தராததால் விலகிக்கொண்டார்கள். போட்டி ஒரு வருடம் தள்ளி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. குப்பையிலிருந்து எடுத்துச் சீர்செய்த கோப்பையை 2000ஆம் ஆண்டிலிருந்து மறுபடி பரிசாகக் கொடுக்கிறார்கள். உச்சியில் அந்தச் சேவல் அப்படியே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.