ஷெல்லை மறுபடி ஏற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம். டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் திரையில், வேலை செய்யும் பலருக்கும் 'ஓ மை இசட்எஸ்எச்' பழகிய பெயர். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான இசட்எஸ்எச் ஷெல்லின் அமைப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள 2009-இல் ராபி ரஸல் தொடங்கிய திட்டம் அது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் நம் கை தானாக அடிப்பது 'சோர்ஸ்' கட்டளை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

சோர்ஸ் பழையதை அழிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லின் நினைவில் உள்ளவற்றின் மேலேயே கோப்பை இன்னொரு முறை படிக்கிறது. 'பேக்கப்' என்று ஓர் அலையஸ், அதாவது ஒரு கட்டளைக்கான சுருக்கப் பெயர், வைத்திருக்கிறீர்கள். அது போதாமல், அந்த வரியை நீக்கிவிட்டு அதே பெயரில் ஒரு ஃபங்ஷன், அதாவது பல கட்டளைகளின் தொகுப்பு, எழுதுகிறீர்கள். கோப்பில் குற்றமில்லை. ஆனால் சோர்ஸ் அடித்தால் பிழை வரலாம். வந்தால், அந்த இடத்துக்குக் கீழே உள்ள வரிகள் எதுவும் படிக்கப்படாது. நினைவில் தங்கிவிட்ட அலையஸ், ஃபங்ஷனின் பெயரையே விரித்துவிடுவதுதான் காரணம். சரியான கோப்பில் இல்லாத பிழையைத் தேடி ஒருவர் மாலை முழுவதையும் இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

'எக்ஸெக் இசட்எஸ்எச்' என்று அடியுங்கள். பழைய ஷெல்லின் இடத்தில், அதே பிராசஸ் எண்ணில் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் அடையாள எண்), புதிய ஷெல் வந்து உட்காரும். அலையஸ், ஃபங்ஷன் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 'ஓஎம்இசட் ரீலோட்' இதையே செய்கிறது. கூடவே, டேப் விசைக்கான நிறைவுப் பட்டியலின் சேமிப்பையும் அழித்துவிடுகிறது.

இதிலும் ஒன்று தப்பிவிடும். எக்ஸ்போர்ட் செய்த மாறிகள், அதாவது ஷெல் தொடங்கும் நிரல்களுக்கும் போகும்படி குறித்த மதிப்புகள், புதிய ஷெல்லுக்கும் அப்படியே போகும். அதனால், கட்டளைகளைத் தேட வேண்டிய டைரக்டரிகளின் பட்டியலான பாத் மாறியில், கோப்பு சேர்க்கும் ஒரே டைரக்டரி ஒவ்வொரு முறையும் மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கும். 'டைப்செட்' கட்டளையோடு கழித்தல் குறி, பெரிய எழுத்து யூ, பிறகு சிறிய எழுத்தில் பாத்: இந்த ஒரு வரியைக் கோப்பில் போட்டால் இரட்டிப்பு நிற்கும். பின்னணியில் ஓடும் வேலைகள் இருந்தால் அவற்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். புதிய ஷெல்லின் ஜாப்ஸ் பட்டியலில் அவை இருக்காது.

எக்ஸெக் அடிப்பதற்கு முன், 'இசட்எஸ்எச்' என்பதோடு கழித்தல் குறியும் சிறிய எழுத்து என்-னும் கோப்பின் பெயரும் கொடுத்துப் பாருங்கள். எதையும் இயக்காமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். ஆனால் ப்ளக்இன், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், ஒன்றின் பெயர் தவறாக இருந்தால் அது இதில் சிக்காது. ஆகவே தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்பவர்கள் இருக்கும் இணைப்பை முதலில் தொட வேண்டாம்; இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறந்து, அதில் ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் குறி) ஒழுங்காக வந்த பிறகே முதல் இணைப்பில் எக்ஸெக் அடியுங்கள்.