உப்பும் கஸ்தூர்பாவும் என் வீட்டுக்காரியும்

(ஓய்வூதியர் கூட்டத்தில் பிப்ரவரி 22 அன்று பேசியதை எழுதித் தரச் சொன்னார்கள். பேசின மாதிரியே எழுதியிருக்கிறேன், இருமலை மட்டும் விட்டுவிட்டேன்.)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எந்தக் கூட்டமானாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிற செயலாளர் அவர்களே, மற்றதெல்லாம் கேட்டாலும் பணம் என்றால் மட்டும் காது மந்தமாகிவிடுகிற பொருளாளர் அவர்களே, வார்டில் தண்ணீர் வரவில்லை என்று காலையிலிருந்து போன் மேல் போன் வந்தும் நம்மை மதித்து வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் அவர்களே, பிரஷர் மெஷினோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டர் அவர்களே! போன கூட்டத்தில் பேசிய நண்பர் துணைத் தலைவரைச் சொல்ல மறந்துவிட்டார், அதற்காகத் துணைத் தலைவர் தீபாவளி வரைக்கும் அவரோடு பேசவில்லை. அதனால் துணைத் தலைவர் அவர்களே, உங்களுக்கு இரண்டு வணக்கம். மைக் செட் தம்பிக்கும் ஒரு வணக்கம், அவர் நினைத்தால்தான் நான் பேச முடியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தியாகச் சுடர் கஸ்தூர்பா’. இன்றைக்கு அந்த அம்மாவின் நினைவு நாள். செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, போன ஆடியில அண்ணி போனதிலிருந்து நீங்க வெளியவே வரல, வந்து நாலு வார்த்தை பேசுங்க" என்றார். அவருக்கு நன்றி. மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று கஸ்தூர்பா. இரண்டு, குடும்ப ஓய்வூதியத்துக்கு நாம் உயிரோடு இருக்கும்போதே சரி செய்து வைக்க வேண்டிய காகிதங்கள். மூன்று, தனியாகிப் போன கிழவனைப் பிள்ளைகள் எப்படி நடத்த வேண்டும் என்பது. மூன்றாவதைப் பேசும்போது என் மகன் வெளியே போய்விடலாம்.

பேச ஆரம்பிக்கும் முன் என் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் இன்னும் சொல்லவில்லையே என்று நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். உப்பின் அருமை உப்பு இல்லாவிட்டால் தெரியும், அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும். பழமொழி எல்லாம் சரி, பெண்டாட்டியை ஏன் விட்டார்கள்? இதைச் சொன்னவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

கஸ்தூர்பா 1869இல் போர்பந்தரில் பிறந்தவர். காந்தியைவிடச் சில மாதம் மூத்தவர். இரண்டு பேருக்கும் 13 வயது வாக்கில் கல்யாணம், அப்புறம் 62 வருஷ தாம்பத்தியம். இதை நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1913இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யாத கல்யாணம் எதுவும் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். அத்தனை வருஷம் கூட இருந்து நாலு பிள்ளை பெற்றவர் சட்டத்தின் கணக்கில் மனைவியே இல்லை. கஸ்தூர்பா சும்மா இருக்கவில்லை, சிறைக்குப் போனார், மூன்று மாதம் கடுங்காவல். அதே போராட்டத்தில் சிறை போன நம் தில்லையாடி வள்ளியம்மை, 16 வயதுப் பெண், விடுதலையானதும் காய்ச்சலில் இறந்தது 1914 பிப்ரவரி 22. கஸ்தூர்பா பூனாவில் ஆகா கான் மாளிகைச் சிறையில் காந்தியின் மடியில் உயிர் விட்டது 1944 பிப்ரவரி 22. முப்பது வருஷம் கழித்து அதே தேதி. இந்தத் தேதியில் ஊரில் ஒரு கொடிக்கம்பத்தில்கூடப் பூ வைப்பதில்லை. கவுன்சிலர் அம்மா குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உப்புக் கதைக்கு வருகிறேன். காந்தி உப்பு என்றதும் எல்லோரும் தண்டி, 1930, வேதாரண்யம் என்று போய்விடுவீர்கள். நான் சொல்வது அதற்கெல்லாம் முன்னால் வீட்டுக்குள் நடந்த உப்புச் சத்தியாக்கிரகம். காந்தியே தன் சரிதையில் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூர்பாவுக்கு உதிரப்போக்கு. ஆபரேஷன் நடந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. மனுஷன் தண்ணீர் வைத்தியம் செய்து பார்க்கிறார், கேட்கவில்லை. எங்கேயோ படித்திருக்கிறார், உடம்பு பலவீனமானவர்கள் உப்பும் பருப்பும் சேர்க்கக் கூடாது என்று. சரி, நம் ஆள் விடுவாரா? உப்பை விடு, பருப்பை விடு என்று பாடம் எடுக்கிறார். அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் கேட்டதை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன், "உங்களை விடச் சொன்னா நீங்க விட்டுருவீங்களா?"

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள்? பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள். நான் அப்படித்தான். காந்திக்கு இந்தக் கேள்வி வந்ததும் ஒரே சந்தோஷம்! விட மாட்டேன் என்றா நினைத்தாய், இதோ, இந்த நிமிஷத்திலிருந்து ஒரு வருஷம் எனக்கு உப்பும் வேண்டாம், பருப்பும் வேண்டாம், நீ விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி என்கிறார். அந்த அம்மா பதறிப் போகிறார். உங்கள் குணம் தெரிந்தும் நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது, நான் விட்டுவிடுகிறேன், நீங்கள் சபதத்தை வாபஸ் வாங்குங்கள் என்று கெஞ்சுகிறார். வாங்குவாரா? சபதம் சபதம்தான். கடைசியில், நீங்கள் பிடித்தால் பிடித்ததுதான், யார் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள் என்று அழுது தீர்த்திருக்கிறார். அதோ, இரண்டாவது வரிசையில் பெண்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள், பாருங்கள்.

உதிரப்போக்கு நின்றுபோனது. உப்பை விட்டதால்தானா என்று காந்தியாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரைகுறை வைத்தியர் என்ற பேர் தனக்குக் கூடியதுதான் மிச்சம் என்று கிண்டலாக எழுதுகிறார். டாக்டர் ஐயா இருக்கிறார், வைத்தியத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று. அவளுக்குப் பத்தியம் என்றால் எனக்கும் பத்தியம் என்று ஒரு ஆண் பிள்ளை உட்கார்ந்தானே, அதுதான் எனக்கு முக்கியம்.

என் வீட்டில் இது தலைகீழாக நடந்தது. மேடையில் துணைவியார், அவர், இவர் என்று பேசினால் அவளுக்கே சிரிப்பு வரும், அவள் என்றே சொல்கிறேன். நான் மின்சார லைன் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் காற்று மழை என்றால் ராத்திரி எந்நேரமும் கதவைத் தட்டுவார்கள். மரம் விழுந்து லைன் அறுந்திருக்கும். நான் டார்ச்சைத் தேடுவதற்குள் அவள் குடையோடு நிற்பாள், "எல்.சி. வாங்கியாச்சாங்க?" என்று கேட்பாள். எல்.சி. என்றால் லைன் கிளியர், கரண்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்கிற அனுமதி. அதை வாங்காமல் கம்பத்தில் ஏறினவன் என்ன ஆவான் என்று இங்கே இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டாம், நம்மோடு வேலை பார்த்து அப்படிப் போனவர்கள் முகம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டாள். ரிட்டயர் ஆனபிறகும் விடவில்லை. கோயிலுக்குக் கிளம்பினாலும் எல்.சி. வாங்கியாச்சா, முடி வெட்டக் கிளம்பினாலும் எல்.சி. வாங்கியாச்சா.

எனக்குப் பிரஷர் வந்ததும் மாத்திரை வாங்க மாதாமாதம் கூட வருவாள். வீட்டில் எனக்கு உப்புக் குறைத்து ஒரு சட்டிக் குழம்பு, அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சட்டி. ஒரு நாள் சிஸ்டர், இந்த சிஸ்டர் இல்லை, முன்னால் இருந்தவர், "அம்மா, நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நீட்டினாள். 190க்கு 110. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. மெஷின் ரிப்பேர் என்றாள். அதே மெஷினில் எனக்குப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அப்போதும் நம்பவில்லை, அந்தப் பெண்ணுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் அன்று சாயங்காலமே ஊறுகாய் ஜாடி அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனது, கருவாடு போனது, அப்பளம் போனது. இரண்டு சட்டி ஒரு சட்டி ஆனது. உப்பின் அருமை உப்பு இல்லாவிட்டால் தெரியும் என்று நான்தான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவேன், அவள் காதிலேயே வாங்க மாட்டாள்.

எப்படிப் போனாள் என்பதைப் பேச நான் வரவில்லை. அதற்கப்புறம் நல்லபடியாகப் பல வருஷம் இருந்தாள், பேத்திக்குக் காது குத்தினாள், அதைப் பேசுகிறேன். இப்போது மருமகள் சமைக்கிறாள், நல்ல பிள்ளை, நன்றாகத்தான் சமைக்கிறாள். எனக்கு ரசம் கரிக்கிறது. பழமொழியைத் திருப்பித்தான் போட வேண்டும், உப்பு இருக்கிற இடத்தில் எனக்கு உப்பில்லாத குழம்பின் அருமை தெரிகிறது.

காந்தியும் அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தார். அவர் நூற்ற நூலில் நெய்த சேலையைக் கட்டித்தான் கஸ்தூர்பாவைச் சிதையில் வைத்தார்கள். வெயில் ஏறுகிறது, போய்ப் படுங்கள் என்றார்களாம். 62 வருஷம் கூட இருந்துவிட்டு இப்போது விட்டுவிட்டுப் போனால் அவள் என்னை மன்னிப்பாளா என்றாராம். கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் இதைப் பல தடவை படித்திருக்கிறேன், போன ஆடிக்கு அப்புறம்தான் புரிந்தது.

சரி, செயலாளர் சீட்டு நீட்டுகிறார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நாம் வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவ முகாம் நடத்துகிறோம். டோக்கனில் என்ன அச்சடித்திருக்கிறது? ‘உறுப்பினருக்கு மட்டும்’. லைனில் வேலை பார்த்தவர்கள் சங்கத்தில் உறுப்பினர் யார்? எல்லாம் நாம்தான், மீசை வைத்தவர்கள். போன முகாமில் ஒரு அம்மா வாசலில் செருப்புக்குக் காவல் மாதிரி நின்றுகொண்டே இருந்தார், வீட்டுக்காரருக்கு ஈ.சி.ஜி. வரை எடுத்தாயிற்று, அவருக்கு ஒரு பிரஷர்கூடப் பார்க்கவில்லை. இது என்ன நியாயம் என்று தலைவரைக் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். ‘உறுப்பினருக்கும் துணைக்கும்’ என்று மாற்றி அச்சடிக்க எவ்வளவு ஆகும்? பொருளாளருக்குக் காது கேட்கவில்லை என்றால் நான் தருகிறேன்.

அரசாங்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து தருகிறது, மக்களைத் தேடி மருத்துவம். வீட்டுக்கு வருகிற அந்தப் பெண்ணிடம் உங்கள் கையை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள். அடுப்படியில் இருப்பவரையும் கூப்பிடுங்கள். 140க்கு 90ஐத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. அந்த 5 கிராமில் ஊறுகாயும் அப்பளமும் அடக்கம், அது தனிக்கணக்கு இல்லை. இதை எங்கள் வீட்டு ஊறுகாய் வாங்கிச் சாப்பிட்ட என் கொழுந்தியாளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவரும் வந்திருக்கிறார்.

ஓய்வூதியக் காகிதத்தையும் பிள்ளைகள் சங்கதியையும் அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன், என் மகன் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். தீர்மானத்தை எழுதியே கொண்டு வந்திருக்கிறேன், இதோ தலைவரிடம் கொடுக்கிறேன், கை தூக்குகிறவர்கள் தூக்குங்கள். சிஸ்டர் ஐந்து மணி வரைக்கும் இருப்பார். பெண்கள் முதலில் போங்கள். ஆண்கள் நாற்காலியை எடுத்து அடுக்குங்கள், செயலாளர் தனியாக எத்தனை நாள்தான் தூக்குவார்.